உங்கள் மரம் நலம்

ஜனவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் சுகம். வலது முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? நாற்பத்திரண்டு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடுகிறேனே என்று உன் ஆபீசில் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உன் அண்ணன் வைத்த பெயர். அவர் போய் மூன்று வருடமாகியும் என் வாயில் அதுதான் வருகிறது.

இங்கே போன் எடுக்காது. உச்சிப் பாறையில் ஏறி நின்றால் எடுக்குமாம், என் முட்டி அதற்குச் சம்மதிக்காது. செவ்வாய்க்கிழமை தோறும் தண்ணீர் லாரி வரும். டிரைவர் கையில் கொடுத்தால் கீழே தபாலில் போட்டுவிடுவார். ஆகையால் இனி உனக்கும் எனக்கும் கடிதம்தான்.

நீ சொல்லி வாங்கிக்கொடுத்த வேலையில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. தகரக் கூரை போட்ட ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, வெளியே ஒரு தொட்டியும் குழாயும். கதவைத் திறந்தால் மலைச் சரிவு. சரிவு முழுக்கக் குழி. இருபதாயிரம் குழியாம். விமானத்தில் போகிறவர்கள் விடுகிற புகைக்கு ஈடாக உங்கள் கம்பெனி நடுகிற மரங்களுக்கு நான்தான் காவல் என்று குடைக்காரர் சொன்னார். குடைக்காரர் என்றால் மேற்பார்வையாளர். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருக்கிற நேரத்திலும் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். நான் வைத்த பெயர்தான்.

வேலை இதுதான். ஒவ்வொரு கன்றுக்கும் நம்பர் போட்ட தகடு ஒன்று. அதைக் கம்பியால் தண்டில் கட்டி, கம்பெனி கொடுத்த போனில் படம் பிடிக்க வேண்டும். குடைக்காரர் போனைக் கீழே கொண்டுபோய் அனுப்பினால், அந்த நம்பர் எந்தப் பயணிக்குச் சொந்தமோ அவருக்குப் படம் போகும். கன்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு படம்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கன்றுகள் மூன்று லாரியில் வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தார்ப்பாயால் இறுக்கி மூடி, நான்கு நாள் பயணம். பிரித்ததும் அடித்த நாற்றத்துக்கு எலி செத்த அறை எவ்வளவோ மேல். வேரைத் தொட்டால் வழுவழுவென்று விரலோடு கழன்று வருகிறது. "இதையா நடணும்?" என்றேன். "முதல்ல தகடக் கட்டுங்கம்மா, நடுறத அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். பிள்ளை பிழைக்குமா என்று தெரியாதபோது பேர் வைத்த கதை.

நீ விமானத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்த ஆரஞ்சுப் போர்வை நல்ல கதகதப்பு. அந்தக் கருநீலக் கரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 30

அன்பு அண்ணிக்கு,

பாப்பா எழுதுகிறேன். நான் நலம், காது மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே வாரத்தில் ஏழு தடவை விமானம் ஏறி இறங்கினால் காது என்ன செய்யும், பாவம். உங்கள் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். நீங்கள் நோகாமல் தடவிவிட்டு, தைலம் சரியில்லை என்று எழுதுவீர்கள், எனக்குத் தெரியும்.

கன்று பற்றி எழுதியிருந்தீர்கள். வரும்போது வாடித்தான் வரும் அண்ணி, மண்ணைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும்.

என் மேஜை ஏழாவது மாடியில். ஜன்னலைத் திறக்க முடியாது, ஆனால் ஓடுபாதை முழுக்கத் தெரியும். எங்கள் பிரிவுக்குப் பசுமைப் பிரிவு என்று பெயர். டிக்கெட் வாங்கும்போது கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் தட்டினால், அந்தப் பயணத்தின் புகைக்கு ஈடாக மரம். படம் போகும்போது கூடவே ஒரு வரிக் கடிதமும் போகும். "உங்கள் மரம் நலம்." அந்த வரி என்னுடையது அண்ணி. அதற்கு முன்னால் பத்து வரி இருந்தது, யாரும் படிக்கவில்லை. இப்போது காகிதக் குவளையில்கூட அதையே அச்சடித்துவிட்டார்கள். அண்ணன் இருந்தால் அந்தக் குவளையைக் கழுவி அலமாரியில் வைத்திருப்பார்.

எங்களுக்குக் காலி இருக்கை இலவசம். போன சனிக்கிழமை பக்கத்து நாட்டுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிட்டேன். அங்கே ஒருத்தி அப்படி வெட்டுகிறாள். எப்படியும் போகிற விமானம்தானே, நான் ஏறாவிட்டால் மட்டும் நின்றுவிடப்போகிறதா?

படங்களில் கொஞ்சம் வானமும் தெரியும்படி எடுங்கள். மேலதிகாரிக்கு வானம் பிடிக்கும்.

உங்கள்,
பாப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணிக்கு ஒரு குறையும் இல்லை. தைலம் நன்றாகவே வேலை செய்கிறது, நோகத்தான் தேய்த்தேன். உன் காது திறந்ததா?

படமெல்லாம் வந்து சேர்ந்திருக்கும். படம் பிடிக்கிற வேலை இப்போது சுலபமாகிவிட்டது. முன்போலச் சரிவு முழுக்க ஏறி இறங்க வேண்டியதில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று முடித்துவிடலாம் என்று குடைக்காரர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். முட்டிக்கு நல்லதுதான். கன்றுகள் பரவாயில்லை.

போன செவ்வாய் தண்ணீர் லாரிக்காரர் குழாயை மாட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே இரண்டு வெள்ளைக் கோடு. அந்த ஆள் முன்னே விமான நிலையத்தில் எண்ணெய் லாரி ஓட்டியவராம்.

"அக்கா, ஒரு கிலோ எண்ணெய் எரிஞ்சா எவ்வளவு கரிவாயு வரும், சொல்லுங்க பார்ப்போம்."

"ஒரு கிலோதான் வரும். உலையில போட்டதுதானே பானையில இருக்கும்?"

"மூணு கிலோவுக்கு மேல."

"போய்யா. ஒரு கிலோ அரிசி போட்டா மூணு கிலோ சோறு வர்ற மாதிரியா?"

"அதேதான்க்கா. சோறு தண்ணியக் குடிக்குது, எண்ணெய் காத்தக் குடிக்குது. என் லாரியில டன் கணக்குல ஏத்துவேன், ஒரே விமானம் குடிச்சிட்டுப் போயிடும். காலியாப் போற விமானத்துக்கும் அதே மாதிரி ஏத்தியிருக்கேன். ஆள் இல்லன்னாலும் போயே ஆகணுமாம், போகலன்னா அந்த நேரத்த வேற கம்பெனிக்காரன் புடிச்சுக்குவானாம்."

அந்த வெள்ளைக் கோடு என்ன என்று கேட்டேன். பனிதானாம். ஆனால் அதுவும் சும்மா இல்லையாம், பூமியின் சூட்டை மேலே போகவிடாமல் மூடிவைக்குமாம். உன் ஆரஞ்சுப் போர்வை எனக்குச் செய்கிற வேலையைத்தான் அது ஊருக்கெல்லாம் செய்கிறது போல.

முடி வெட்டப் போய் வந்தாயே, நீ தலையிலிருந்து இறக்கிய முடி எத்தனை கிராம் இருக்கும்? வானத்தில் விட்டுவிட்டு வந்தது எத்தனை கிலோ? கோபப்படாதே. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதனால் கேட்கிறேன். நான் ஏறாவிட்டாலும் விமானம் போகும் என்று ஏறியிருக்கிற ஒவ்வொருவரும் சொல்வார்கள்தானே. அப்படியானால் அது யாருக்காகப் போகிறது?

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 20

அன்பு அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். முடி மறுபடியும் வளர்ந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்குக் கணக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம். போய்வர ஓர் ஆளுக்கு நான்கு மரம் என்று எங்கள் நிபுணர்கள் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருடத்தில் அந்த நான்கு மரமும் புகை முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பயணம் சுத்தமாகிவிடுகிறது. லாரிக்காரர் பேச்சையெல்லாம் நம்பாதீர்கள். வேலை போன ஆள் பழைய இடத்தைப் பற்றி நல்லதா சொல்வார்?

படங்கள் அருமை. ஒரே ஒரு விஷயம். ஒரு டாக்டர், அவர் மனைவி, மாமியார் மூன்று பேருக்கும் படம் போனது. மூன்று படத்திலும் மரம் ஒரே மாதிரி இருக்கிறது, இடது பக்கக் கிளைகூட ஒரே இடத்தில் முறிந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கேட்டிருந்தார். ஒரே இனத்து மரங்கள் உடன்பிறந்தவர்கள் போலத்தான் இருக்கும் என்று பதில் போட்டேன். மாமியாருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

இனி மரத்தில் துணி எதுவும் கட்டாதீர்கள் அண்ணி. பார்க்க நன்றாக இல்லை.

உங்கள்,
பாப்பா


மார்ச் 31

பாப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். உன் கடிதம் இன்றுதான் வந்தது. லாரிக்காரரை உட்காரவைத்துவிட்டு எழுதுகிறேன்.

கன்றுகள் பரவாயில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். பொய். நட்ட இரண்டாம் வாரமே சாய ஆரம்பித்துவிட்டன. இப்போது சரிவில் நடந்தால் காலடியில் குச்சி நொறுங்குகிற சத்தம்தான். கன்று வந்த பிளாஸ்டிக் பை குழிக்குக் குழி கிடக்கிறது. அதற்குள் பழைய தண்ணீர், தண்ணீரில் புழு. லாரி ஒரு நாள் கொண்டுவருகிற தண்ணீர் ஐந்நூறு கன்றுக்குக் காணாது.

தொட்டிக்குப் பக்கத்தில், குழாய் ஒழுகுகிற இடத்தில், ஆறு மரம் மட்டும் தளதளவென்று நிற்கிறது. குடைக்காரர் சொல்லிக்கொடுத்த வழி இதுதான். செத்ததன் தகட்டை அவிழ்த்து அந்த ஆறில் ஒன்றில் கட்டு, படம் பிடி, அவிழ், அடுத்த தகடு கட்டு. "எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா" என்றார். ஒரு காலைப் பொழுதில் ஒரு மரம் முப்பது பேருக்குச் சொந்தமாகிறது. நான் செய்தேன் பாப்பா. அறைக் கதவைப் பார்த்தேன், முட்டியைப் பார்த்தேன், செய்தேன். வேலை முடிந்து கை கழுவினால் நாற்றம் போவதில்லை. தகரத்தின் வாடைதான், ஆனால் சோற்றை அந்தக் கையால் அள்ள முடியவில்லை. கரண்டியால் தின்கிறேன்.

ஆறில் நன்றாக இருந்த ஒன்றை ஆடு மேய வந்தது. விரட்டுவதற்காக உன் போர்வையின் கரையைக் கிழித்துக் கிளையில் கட்டினேன். காற்றில் படபடவென்று ஆடினால் ஆடு பக்கத்தில் வராது. அதை அவிழ்க்காமலே நாற்பது படம் பிடித்துத் தொலைத்திருக்கிறேன். என் புத்தி.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். அந்தப் போர்வை நீ கொடுத்தது. உங்கள் கம்பெனிக் கருநீலத்தில் வெள்ளை இறக்கை போட்ட கரை. நாற்பது நம்பருக்கு ஒரே மரம், ஒரே துணி என்று நாற்பது படம் உன் மேஜைக்கு வந்திருக்கிறது. துணி கட்டாதீர்கள் என்றுதான் எழுதினாய். போர்வையைக் கிழித்துவிட்டீர்களா என்று ஏன் கேட்கவில்லை?

அண்ணி


மே 22

அன்பு அண்ணிக்கு,

நலம்தானே? இரண்டு மாதமாக எழுத முடியவில்லை, வேலை கழுத்தை நெரிக்கிறது. இங்கே வெயில் தாங்கவில்லை. வீட்டுத் தரைக்குப் புதிதாகக் கல் பதித்தேன், வெள்ளைக் கல். நடக்கக் குளுகுளுவென்று இருக்கிறது, ஆனால் ஒரு முடி விழுந்தால்கூடத் தெரிகிறது. கண் டாக்டரிடம் போனேன், கண்ணாடி போடச் சொல்லிவிட்டார். நீங்கள் கரண்டியால் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். அதுவும் நல்ல பழக்கம்தான்.

இதோடு ஒரு படிவம் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். வெளியாள் ஒருவர் வந்து சான்றிதழ் கொடுப்பார், அதற்குத் தோட்டக் காவலரின் ஒப்புதல் தேவை. ஒரே ஒரு கட்டம்தான் காலி. "உயிரோடு இருக்கும் மரங்கள்." அதில் 20,000 என்று எழுதிக் கீழே உங்கள் கையெழுத்து. அவ்வளவுதான். படிவம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும்.

சான்றிதழ் கிடைத்துவிட்டால் திட்டம் இன்னும் ஐந்து வருடத்துக்கு நீளும். உங்கள் வேலை நிரந்தரம். தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கும் பிரிவின் தலைமை கிடைக்கும். கிடைக்காவிட்டால் மூடிவிடுவார்கள் அண்ணி. அந்த அறையும் இருக்காது. நீங்கள் எங்கே போவீர்கள் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

29-ஆம் தேதி கம்பெனித் தலைவர் விருந்தினர்களோடு தோட்டம் பார்க்க வருகிறார். நல்லதாக ஒரு உடை உடுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பாப்பா


ஜூன் 3

பாப்பாவுக்கு,

நான் இருக்கிறேன். உன் தரை வழுக்கிவிடப் போகிறது, பார்த்து நட.

வந்தார்கள். பதினோரு பேர். காரில் வந்தால் நான்கு மணி நேரம், அதற்கு ஒரு குட்டி விமானம், விமானம் இறங்கிய இடத்திலிருந்து ஆறு கார். செவ்வாய்க்கிழமைத் தண்ணீரை மரத்துக்கு விடக்கூடாது என்று குடைக்காரர் தடுத்துவிட்டார். பாதையில் தெளித்தார்கள். பூட்ஸில் தூசி படக்கூடாதாம். மூன்று நாள் தாகத்தில் இருந்த கன்றுக்குப் பக்கத்தில் தண்ணீர் சேறாக ஓடுகிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு பெரிய மரத்தைச் சாடியோடு கொண்டுவந்து குழியில் இறக்கினார்கள். தலைவர் இரண்டு கை மண் போட்டார், படம் பிடித்தார்கள். மண்ணுக்குள்ளே சாடி அப்படியே இருக்கிறது. அவர்கள் கார் திரும்புவதற்குள் மரத்தைத் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். வாடகை மரமாம், அடுத்த ஊரில் வேறு யாரோ நட வேண்டுமாம்.

விருந்தாளி ஒருவர் குட்டி விமானம் ஒத்துக்கொள்ளாமல் என் வாசலில் வாந்தி எடுத்தார். நான்தான் மண் போட்டு அள்ளினேன். அள்ளிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே தலைவர் பேசுகிறார். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க. இந்தக் காத்து நம்ம ஊர்ல கிடைக்காது." எல்லாரும் இழுத்தார்கள். நானும் இழுத்தேன், எனக்கு எது வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். சாப்பிட்ட அட்டைப் பெட்டிகளை அந்த ஆறு மரத்துக்கடியில் போட்டுவிட்டுப் போனார்கள். பாதி தின்ற கோழிக்கு எறும்பு வந்து, எறும்புக்குப் பின்னால் நாய் வந்து, இரண்டு நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

பாப்பா, ஆறு காரில் ஒன்றின் கதவு திறக்கவே இல்லை. கறுப்புக் கண்ணாடி. உள்ளே யார் என்று கேட்டேன். "பசுமைப் பிரிவு மேடம். அவங்களுக்குத் தலைவலியாம்" என்றார் குடைக்காரர். பத்தடி தூரத்தில் நான் யாருடைய வாந்தியையோ அள்ளிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிந்திருக்கும்.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நீ சொல்லப்போவதுமில்லை.

படிவம் என்னிடம்தான் இருக்கிறது. எண்ணாமல் எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. எண்ணிவிட்டு அனுப்புகிறேன்.

அண்ணி


ஜூன் 21

பாப்பாவுக்கு,

சுகமா? இங்கே முட்டி வீங்கிக் கிடக்கிறது. ஒன்பது நாள் எண்ணினேன்.

காலையில் மேல் வரிசையில் ஆரம்பித்துப் பக்கவாட்டில் நடப்பேன். உயிர் இருக்கிறதா என்று தெரிய நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்க வேண்டும். பச்சை தெரிந்தால் உயிர். பழுப்பாக இருந்தால் அடுத்தது. என் நகமெல்லாம் போய்விட்டது. ஐந்தாம் நாள் லாரிக்காரரும் கூட வந்தார். "அக்கா, இதுவும் பச்சைதான், சேர்த்துக்குங்க" என்று இரண்டு மூன்று பழுப்பை என் தலையில் கட்டப் பார்த்தார். எனக்கு நல்லது செய்கிறாராம். "உன் சொந்தப் பிள்ளையா இருந்தா செத்தத உயிரோட இருக்குன்னு சொல்லுவியா?" என்றேன். அதற்கப்புறம் ஒழுங்காக எண்ணினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு. தொட்டிக்குப் பக்கத்து ஆறையும் சேர்த்து.

சரிவின் கிழக்குப் பக்கம் பாறை நிழலில், யாரும் தண்ணீர் விடாமலே, எண்பது கன்று பிழைத்து நிற்கிறது. அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. போயிருந்தால் அதற்காவது ஒரு குடம் சுமந்திருப்பேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தேன் பார், அந்த நாளையெல்லாம் நினைத்தால் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

படிவத்தில் 312 என்று எழுதியிருக்கிறேன். எண்ணாலும் எழுதினேன், எழுத்தாலும் எழுதினேன், ஒரு சுழியைக்கூட யாரும் சேர்க்க முடியாதபடி. கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நேரே தலைவருக்கு அனுப்பச் சொல்லி லாரிக்காரர் சொன்னார். நான் உனக்குத்தான் அனுப்புகிறேன். முதலில் உன் மேஜைக்கு வரும் என்று நீதானே சொன்னாய். கிழிப்பதாக இருந்தால் வேறு யாரும் கிழிக்க வேண்டாம், நீயே கிழி. அனுப்புவதாக இருந்தாலும் நீயே அனுப்பு.

அறை போகும் என்று தெரியும். உன் பதவியும் போகலாம். உன் அண்ணன் இருந்த வரைக்கும் நம் வீட்டில் பொய்ச் சோறு தின்றதில்லை. அது மட்டும்தான் நம்மிடம் மிச்சம், வேறென்ன இருக்கிறது.

அண்ணி


ஜூலை 30

பெறுநர்: தோட்டக் காவலர், மலைச் சரிவுத் தோட்டம்.

தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட 20,000 மரக்கன்றுகளில் 19,688 கன்றுகள், தங்கள் தொடர்ச்சியான கவனக்குறைவாலும் உரிய நேரத்தில் தகவல் தராததாலும் அழிந்துபோனது விசாரணையில் உறுதியாகியுள்ளது. உயிரோடு உள்ளவை 312 மட்டுமே எனத் தாங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். எனவே இன்று முதல் தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். பதினைந்து நாட்களுக்குள் அறையைக் காலி செய்து தகடுகளையும் போனையும் ஒப்படைக்கவும்.

தலைவி,
பசுமைப் பிரிவு


ஆகஸ்ட் 4

என் அன்பு அண்ணிக்கு,

நலமா இருக்கிறீர்களா? முட்டி வீக்கம் வடிந்ததா? உங்கள் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு ஒரு தைரியம் வந்தது. உங்கள் படிவத்தை அப்படியே, ஓர் எழுத்து மாற்றாமல், மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணனை நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

நான் பயந்தபடி நடக்கவில்லை. அந்த டாக்டரும் விடாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார், எப்படியும் வெளியே வந்திருக்கும். நாமே முந்திக்கொண்டு கண்டுபிடித்தோம் என்று தலைவர் கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினார். பிரிவின் தலைமை எனக்கு வந்துவிட்டது. குடைக்காரரை வேறு மலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

மரம் நம்பகமானதில்லை என்று முடிவாகிவிட்டது. இனிமேல் கடற்பாசி. கடலுக்கடியில் வளர்ப்பார்கள், தண்ணீர் லாரி தேவையில்லை, ஆடு மேயாது, படமும் அனுப்ப வேண்டியதில்லை. ஒரு பயணத்துக்கு ஒரு பிடி பாசி. மக்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இப்போது மனக்குறை இல்லாமல் பறக்கலாம் என்று கட்டத்தைத் தட்டுகிறவர்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள். அந்த நம்பிக்கையில் தினமும் மூன்று விமானம் கூடுதலாக விடுகிறோம்.

அலுவலகத்திலிருந்து ஏதாவது கடிதம் வந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் ஒரு முறைக்காகப் போடுவது. காகிதம்தானே.

என்னோடு வந்து இருங்கள் அண்ணி. ஓர் அறை சும்மா கிடக்கிறது. இதோடு விமான டிக்கெட் வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கத்து இருக்கை. நீங்கள் இதுவரை ஏறியதே இல்லையே. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

என்றும் உங்கள்,
பாப்பா


ஆகஸ்ட் 13

பசுமைப் பிரிவுத் தலைவி அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய இரண்டு கடிதமும் ஒரே லாரியில் வந்தன. ஒன்று தட்டச்சு, ஒன்று கையெழுத்து. தட்டச்சுக் கடிதத்தின் கீழே போட்ட கையெழுத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து ஸ்லேட்டில் அதிலிருக்கும் அந்தச் சுழியைப் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துத் தாங்கள் அழுதபோது, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைத்தவர் தங்கள் அண்ணன். அந்தக் கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதனால் அடையாளம் தெரிந்தது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். புகையை விட்டவர்கள் மேலே இருக்கிறார்கள். அழுகின கன்றை அனுப்பியவர்களும் பூட்ஸுக்காகத் தண்ணீர் தெளித்தவர்களும் நன்றாக இருக்கிறார்கள். மரத்தைக் கொன்றது முட்டி வலிக்காரி. இதை வேறு யார் எழுதியிருந்தாலும் காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். துப்பினேன், போகவில்லை.

தகடுகளை மூட்டை கட்டி நேற்று ஒப்படைத்தேன். போனையும் கொடுத்தேன். வாங்க வந்த ஆள், குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார். "நான் சொன்ன எண்ணிக்கைக்குப் போட்டுட்டேன். நீங்க சொல்ற காரணத்துக்குப் போட மாட்டேன்" என்றேன். "மேடம் சொன்னாங்க, நீங்க போட்டுடுவீங்கன்னு" என்றார். மேடத்துக்கு என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும் போல.

கீழே நெடுஞ்சாலையில் லாரிக்காரரின் அம்மா ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பாத்திரம் கழுவவும் பின்கட்டில் படுக்கவும் இடம் கொடுத்திருக்கிறார். அங்கேயிருந்து மலைக்கு நடக்கிற தூரம்தான். இன்று காலை கடை திறப்பதற்கு முன்னால் இரண்டு குடம் கொண்டுபோய் வந்தேன், இனி தினமும் அதுதான். தகடு இல்லாமல் பார்க்க அந்த மரங்கள் நன்றாக இருக்கின்றன. இப்போது அவை யாருடைய பயணத்துக்கும் ஈடு இல்லை. இனி யாரும் படம் கேட்க மாட்டார்கள். மண்ணில் நிற்கிறது, அவ்வளவுதான் அதற்கு வேலை.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்துகொண்டேன். அதற்கு ஏற வேண்டியதில்லை.

தங்கள் அண்ணன் இருந்திருந்தால் தங்களை அடித்திருப்பார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதக் கை வரவில்லை, அது உண்மை இல்லை. அவர் அடிக்க மாட்டார். மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் பாப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றிருப்பார்.

நான் அவர் இல்லை.

இப்படிக்கு,
முந்நூற்றுப் பன்னிரண்டு மரம் வளர்த்தவள்